நெட்டையருக்கு ஒரு வெள்ளிக் கை

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வந்து இறங்கியபோது எங்கள் கரையில் எல்லோரும் ஒரு மனிதரின் கையைப் பற்றியே கதைத்தார்கள். எல்லோரும் என்றால், குருநகர்க் கரையில் எங்கள் வாடிக்குள் பின்னேரங்களில் கூடும் சிலர். வலையும் எஞ்சினும் வைக்கிற அந்தக் கிடுகுக் கொட்டில்தான் எனக்கு அப்போது உலகம். அந்த மனிதர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். கடல்களுக்கு அப்பால், நாங்கள் போக நினைத்தும் பார்க்காத ஒரு குளிர் தேசத்தில், ஒரு றொக் இசைக்குழுவின் பின்வரிசையில் நின்றபடி இளவயதிலிருந்து பேஸ் கிற்றார் வாசித்து, வாசித்தே கிழவராகிவிட்டவர். அவருக்குக் கை ஏலாமல் போய்விட்டதாம். இனி வாசிப்பாரா, மாட்டாரா? அந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு பெரிய ஆண்கள் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்குச் செய்தி வாசித்தது நான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்து, பட்டணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை அன்றைக்கும் பெருமையாகச் சொன்னேன். பட்டம் வாங்கிவிட்ட இன்றைக்கும் அதே பெருமையோடுதான் சொல்கிறேன். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். அம்மாவின் கடைசித் தம்பியான சின்னமாமாவுக்குப் படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை வாசிக்கத் தெரியும். அவர்கள் படிக்க வேண்டிய வயதில் யுத்தத்தால் ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடங்களுக்குள் பிள்ளைகள் படிக்கவில்லை, குடும்பங்கள் படுத்திருந்தன.

அப்பா நான் தவழ்கிற காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஆகவே என் சீருடை, சப்பாத்து, ரியூசன் எல்லாம் சின்னமாமாவின் பங்கிலிருந்து வந்தவை. எங்கள் கரையில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பிடிபட்டதில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுத்த கைகளுக்கு ஒவ்வொரு பங்கு என்று பிரிப்பார்கள். கை வைக்காதவனுக்குப் பங்கில்லை. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். அதனால் யாரும் மாற்றவும் முடியாத சட்டம்.

சின்னமாமா அந்தக் கிழவரை ‘நெட்டையர்’ என்றுதான் சொல்வார். படங்களில் அவர் எப்போதும் மேடையின் ஓரத்தில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், ஒரு பனை நிற்பதுபோல நிற்பார். பாடுகிறவர் குதிப்பார், மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். நெட்டையர் மட்டும் ஏதோ தூரத்து ஞாபகத்தில் இருப்பவர்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த கதையை மாமா அடிக்கடி சொல்வார். மின்சாரம் இல்லாத காலம். வெளிநாடு போன யாரோ விட்டுவிட்டுப் போன, மேலட்டை இல்லாத ஒரு கசற் மாமாவின் கூட்டாளிகளிடம் கிடைத்திருக்கிறது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் அதைக் கேட்பார்களாம். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் பாட்டும் சோரும். பாடுகிறவரின் குரல் இழுபட்டு, தணிந்து, ஆழத்துக்கு இறங்கி, கடைசியில் எல்லாச் சத்தமும் பேஸ் கிற்றார் ஆகிவிடும். மற்றவர்கள் “சுத்தடா, சுத்தடா” என்று கத்துவார்களாம். மாமாவுக்கு அந்தச் சோர்கிற இடம்தான் பிடித்ததாம்.

“பாடுறவன் மேலாலை போற நுரை,” என்பார். “நெட்டையர் அடியாலை ஓடுற நீவாடு. படகைக் கொண்டுபோறது ஆர், சொல்லு பாப்பம்?”

நீவாடு என்றால் கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற நீரோட்டம். அதைத் தெரியாதவன் எங்கள் கரையில் வலை போடமாட்டான். ஆகவே அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது.

பிறகொரு காலத்தில் அந்தோனியார் கோயில் இசைக்குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேஸ் கிற்றார் வந்தது. அதைத் தொட ஆளில்லாமல் கிடந்தபோது மாமா தொட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கசற்றை நினைத்து நினைத்தே விரல்களை வைத்துப் பழகினார். அன்றுமுதல் அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், வழிபாடு முடிந்து கோயில் முற்றத்தில் நடக்கும் பாட்டுக் கச்சேரியில் மாமாவும் ஓரத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பார். அவர் நெட்டையும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அவர் உயரமாகத்தான் தெரிவார்.

நான் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கிய வருடம்தான் மாமாவின் போனில் நெட்டையரின் ரசிகர் பக்கம் திறந்தது. பல தேசத்து ஆட்கள் அங்கே கூடியிருந்தார்கள். அவர்களின் பெயர்கள் எங்கள் நாக்கில் நிற்கவில்லை. அதனால் படத்தைப் பார்த்து எங்கள் வாடி அவர்களுக்குப் பெயர் வைத்தது. பூனையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், பூனை அக்கா. காலையில் முதல் செய்தி அவருடையதாகத்தான் இருக்கும். நெட்டையரை எந்தக் கடையில் யார் கண்டது, என்ன தொப்பி போட்டிருந்தார், சிரித்தாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தலையில் ஒரு மயிரும் இல்லாத ஒருவர், மொட்டையர். எதைச் சொன்னாலும் மறுத்துச் சொல்வது அவருடைய வேலை.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பு மாற்றி, வாடிக்குப் போவேன். சோளகம் வீசுகிற நாட்களில் கடல்நீர் வெள்ளை வெளிச்சமாகக் கண்ணைக் கூசும். தூரத்தில் நிற்கிற படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா, காற்றில் நிற்கின்றனவா என்று தெரியாது. மாமா போனைத் தருவார். எனக்கென்று ஒரு மீன்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு அமைதி கிடைத்திருக்காது.

ஒருநாள் வாசித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“மொட்டையர் சொல்லுறார், நெட்டையர் எப்பவோ முடிஞ்சு போனாராம். இப்ப கை ஏலாது எண்டுறது ஒரு சாட்டாம்.”

“ஆர் உவன்?” என்று எழும்பினார் எஞ்சின் மாமா. அவர் படகு எஞ்சின்கள் திருத்துகிறவர். கோபம் வந்தால் கையிலிருக்கும், எஞ்சின் கழற்றுகிற சாவியை ஆட்டிக்கொண்டுதான் கதைப்பார். “உவன்ரை படத்தைக் காட்டு பிள்ளை. உந்தத் தலையை வைச்சுக்கொண்டு மற்றவனை முடிஞ்சு போனான் எண்டுறான்!”

“அண்ணை, அவர் எங்கையோ இருக்கிறார். சாவியைக் கீழ வையுங்கோ,” என்றார் றம் அண்ணை. கோயில் இசைக்குழுவில் றம் மேளம் அடிக்கிறவர் அவர். மாமாவோடு ஒரே படகில் போகிறவரும் அவர்தான்.

“எழுது பிள்ளை. நீ எப்பவாவது கடலுக்குப் போயிருக்கிறியோ எண்டு கேள்.”

நான் அதை மிக மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டேன். கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது, படகைப் பார்த்தாலே வாந்தி வரும் என்று மொட்டையர் உண்மையாகப் பதில் போட்டார். அதை வாசித்தபோது வாடியில் எழுந்த ஆரவாரம் தெருவரைக்கும் கேட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

அந்த ஆரவாரத்தில் மாமா மட்டும் சேரவில்லை. வலைப் பொத்தலைத் தைக்கும் ஊசியைக் கையில் வைத்திருந்தபடி, “நெட்டையற்றை கை எப்பிடி இருக்காம்? அதை வாசி,” என்றார்.

நெட்டையர் ஒரு பேட்டியில் சொன்னதைப் பூனை அக்கா போட்டிருந்தார். முதலில் கோப்பை கை நழுவியதாம். சட்டைத் தெறியைத் துளைக்குள் விட்டுப் பூட்ட நேரம் எடுத்ததாம். பிறகு, காலையில் கண் விழிக்கும்போது விரல்கள் வேறு யாருடைய விரல்களோபோலப் பக்கத்தில் கிடந்தனவாம்.

“அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசி மோனை.”

வாசித்தேன்.

“தமிழில சொல்லு. ஆறுதலா, மெல்ல மெல்லச் சொல்லு.”

சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொருமுறை கேட்டார். அடுத்தநாள், நான் வேறு செய்திகளோடு போனபோதும், முதலில் அந்த வரியைத்தான் கேட்டார். என் மொழிபெயர்ப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருமுறையும் ஒரு சொல்லை மாற்றி, இன்னும் அழகாக்கிச் சொன்னேன்.

அந்த நாட்களில் மாமா கோயிலுக்கு வெளிக்கிடும்போது அவருடைய சட்டைத் தெறியை நான்தான் பூட்டிவிட்டேன். “பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை பூட்டினால்தான் நேராய் வரும்,” என்பார். அம்மா தேநீர் கொடுத்தால் வலக்கையால் வாங்கி நிலத்தில் வைத்துவிட்டுத்தான் குடிப்பார். என் நாடியில் இடித்து விளையாடும்போதுகூட இடக்கை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள் இருக்கும். இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்காததுபோல இல்லை, நன்றாகப் பார்த்தேன்.

நெட்டையருக்கு எந்தக் கை என்பதைப் பேட்டி சொல்லவில்லை. ஆகவே வாடி இரண்டாகப் பிரிந்தது.

“வலக்கைதான்,” என்றார் றம் அண்ணை. “தட்டுறது அதுதானே. தாளம் அதிலதான் இருக்கு.”

“வலக்கை தட்டும். எங்கை தட்டுறதெண்டு தேடிக் குடுக்கிறது ஆர்?” என்றார் மாமா. அவர் அவ்வளவு சூடாகக் கதைத்து நான் கேட்டதில்லை. “இடக்கையிலதான்ரா பாட்டு இருக்கு. இடக்கை போச்செண்டால் ஆள் போச்சு.”

“சரி, சரி. நீ வாசிக்கிறவன், உனக்குத் தெரியும்,” என்று றம் அண்ணை விட்டுக்கொடுத்தார்.

அதற்கிடையில் பூனை அக்கா ஒரு படம் போட்டார். அவருடைய ஊர்க் கோயிலில் நெட்டையருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். எஞ்சின் மாமா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இந்தா, ஒரு பொம்பிளை, தனியாப் போய்த் திரி கொளுத்திப்போட்டு வந்திருக்கு. நாங்கள் இஞ்சை அந்தோனியாரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறம்.”

எல்லோரும் வாடிக்கு வெளியே பார்த்தார்கள். கரையில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியாரின் சுருவம் இருக்கிறது. கூட்டுக்கு முன்னால் ஒரு கம்பி. நோய் வந்தவர்கள் நேர்த்தி வைத்து, நோயுள்ள உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து அந்தக் கம்பியில் கட்டுவது எங்கள் வழக்கம். கண்கள், கால்கள், காது, ஒரு இதயம், ஒரு குழந்தை. காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதி மெல்லிய சத்தம் போடும். சின்ன வயதில் அந்தச் சத்தம் சுவர்க்கத்திலிருந்து வருவதாக நினைத்திருந்தேன்.

“அவர் எங்கடை வேதக்காரரோ எண்டு தெரியாதே,” என்றார் றம் அண்ணை.

“அந்தோனியார் அதெல்லாம் கேக்கிறேல்லை,” என்றார் எஞ்சின் மாமா. “ஒரு கை செய்விப்பம்.”

அப்படித்தான் தீர்மானமாயிற்று. கரையில் அதற்கு முன்னர் யாரும் தேசம் விட்டுத் தேசம் நேர்த்தி வைத்ததில்லை. அதில் எல்லோருக்கும் ஒரு கர்வம் வந்துவிட்டது. நகை செய்கிற பத்தரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில நாளில் கை வந்தது. மெல்லிய தகட்டை விரித்த கை மாதிரி வெட்டி, மணிக்கட்டில் நூல் கட்ட ஒரு துளை போட்டிருந்தார் பத்தர். கோடுகளோ நகங்களோ இல்லை. பின்னேர வெளிச்சத்தில் அது மாமாவின் வலது உள்ளங்கையில், பிடிபட்ட சின்ன மீன்போல மினுங்கியது.

எஞ்சின் மாமா அதை வாங்கித் தன் கையோடு வைத்துப் பார்த்தார். திருப்பி மற்றக் கையோடும் வைத்தார். “இது எந்தக் கை?”

“நெட்டையற்றை கை,” என்றார் மாமா.

“அதில்லை. வலதோ இடதோ?”

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். எனக்கு அதற்காகவே காத்திருந்தது போன்ற ஒரு சந்தோசம். அன்று காலைச் செய்தியில் வந்திருந்தது: நெட்டையரின் வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை நடந்து முடிந்துவிட்டது. படமும் இருந்தது. நான் போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

“வலக்கை,” என்றேன். “ஆனால் இந்தத் தகட்டைப் பார்த்தால் வலக்கை எண்டு தெரியாது. இப்பிடிப் பிடிச்சால் வலது. திருப்பினால் இடது. நகம் கீற வேணும். நகம் இருக்கிற பக்கம்தான் புறங்கை. அப்பத்தான் எந்தக் கையெண்டு நிச்சயமா இருக்கும்.”

வாடி வியந்துபோயிற்று. எஞ்சின் மாமா என் தலையில் கை வைத்து, “படிப்பெண்டால் இதுதான்,” என்றார்.

மாமா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நகமில்லாட்டில் என்ன? அந்தோனியாருக்குத் தெரியும்தானே, விடுங்கோவன்,” என்றார்.

“அவருக்கு எவ்வளவு பேற்றை கை காலைப் பாக்க வேண்டியிருக்கு,” என்றேன் நான். “மாறிப்போச்செண்டால்? நெட்டையற்றை சுகமான கைக்குப் போய்ச் சுகம் குடுத்து என்ன பிரியோசனம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் தகட்டை வாங்கி, பெருவிரல் இடப்பக்கம் வரும்படி பிடித்து, என் வலக்கையைப் பார்த்துப் பார்த்து, குமிழ்முனைப் பேனாவால் ஐந்து நகங்களை அந்தப் பக்கத்தில் வரைந்தேன். பெருவிரல் நகம் கொஞ்சம் கோணலாகப் போனது. மற்றவை அச்சாக இருந்தன. பத்தர் என் கோட்டின்மேல் கீறினாலே போதும்.

சனிக்கிழமை காலை மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பத்தரிடம் போனார். இடக்கையைக் கைபிடியின்மேல் சும்மா வைத்திருந்தார், பிடிக்கவில்லை. காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வீசியதால் சைக்கிள் தானாகவே போவதுபோல இருந்தது. மாமா வாயை மூடியபடி நெட்டையரின் பாட்டொன்றை முனகினார். முதுகில் காதை வைத்தபோது பாட்டு வாயிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. எங்கோ அடியிலிருந்து, எலும்புக்குள்ளால் வந்தது. எனக்கு நித்திரை வந்தது. அந்த வீதி முடியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பத்தரின் பட்டறை வாசலில் மாமா இறங்கினார். “நீ முன்கடையில ஐஸ்பழம் வாங்கித் தின். நான் சொல்லிப்போட்டு வாறன்.”

“எந்தப் பக்கமெண்டு நான் காட்ட வேணாமோ?”

“நீதான் வடிவாக் கீறியிருக்கிறியே.”

அது உண்மைதான். நான் ஐஸ்பழம் தின்றபடி தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே மாமா குனிந்து ஏதோ சொன்னார். பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே, சாரத்து மடிப்புப் பக்கம் பார்த்தார். உளியை எடுத்தார்.

வரும் வழியில் கடதாசிப் பொட்டலத்தை நான்தான் வைத்திருந்தேன். வீட்டுப் படலையடியில் பிரித்தேன். நகங்கள் மிக நுணுக்கமாக இருந்தன. பெருவிரலின் கோணலைக்கூடப் பத்தர் சரிசெய்திருந்தார். திருப்பினேன். அந்தப் பக்கத்திலும் நகங்கள் இருந்தன. ஐந்து விரலுக்கும், அதே நுணுக்கத்தோடு.

“மாமா! பத்தர் பிழை விட்டிட்டார்!”

“எங்கை?”

“ரெண்டு பக்கமும் கீறிப்போட்டார். இப்பிடி ஒரு கை உலகத்தில இருக்கோ? உள்ளங்கையில ஆருக்கும் நகம் முளைக்குமோ? இது இந்தப் பக்கத்தாலை பாத்தால் வலக்கை, அந்தப் பக்கத்தாலை பாத்தால் இடக்கை. திரும்பிக் கொண்டுபோங்கோ!”

மாமா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து பார்த்தார். மிகக் கவனமாகப் பார்த்தார்.

“ஓமடி. பிழைதான் விட்டிட்டார்,” என்றார். “மனுசன் கவனிக்கேல்லைப் போல. கீறினதை இனி அழிக்கேலாது மோனை. விடு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா வந்து என்னவென்று கேட்டார். நான் தகட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா தகட்டைப் பார்க்கவில்லை. தன் தம்பியைப் பார்த்தார். பிறகு, “சோறு ஆறுது, ரெண்டுபேரும் வாங்கோ,” என்று உள்ளே போய்விட்டார்.

திருநாளுக்குச் சில நாள் முன்னர் எல்லோருமாகப் போய்க் கையைக் கம்பியில் கட்டினோம். முடிச்சைப் போட்டது றம் அண்ணை. நகப் பிழையைப் பற்றி நான் சொன்னபோது எஞ்சின் மாமா பத்தரை ஒரு மாதிரி ஏசினார். வலக்கைப் பக்கம் சுருவத்தைப் பார்க்கும்படி கட்டவேண்டும் என்று நான் நின்று பார்த்துக் கட்டுவித்தேன். ஆனால் கட்டிக் கையை எடுத்ததுமே சோளகம் வந்து அதைத் திருப்பிவிட்டது. நான் மறுபடி நேராக்கினேன். மறுபடி திரும்பியது. வலது, இடது, வலது என்று அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டு நின்றது.

“விடு பிள்ளை,” என்றார் மாமா. “காத்துக்கு ஆர் சொல்லுறது.”

அந்தத் திருநாளுக்கு மாமா கச்சேரியில் வாசிக்கவில்லை. “பெடியளும் பழகத்தானே வேணும்,” என்று சொல்லி றம் அண்ணையின் தம்பியிடம் கிற்றாரைக் கொடுத்துவிட்டு, முற்றத்து மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தம்பி பல இடங்களில் பிழைவிட்டார். மாமா அவரைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வலக்கை விரல்களால் தன் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். மேடையை இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்த என் மாமாவின் பெருந்தன்மையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

சோளகம் ஓய்ந்து, வாடையும் வந்து போனபோது மாமா படகுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். கரையில் மீன் ஏலம் கூறுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. குவியலுக்கு முன்னால் நின்று வலக்கையை உயர்த்தி விலை கூப்பிடுவார். சேற்றில் நிற்காமல், உப்பில் ஊறாமல் செய்கிற வேலை என்பதால் மாமாவுக்குப் பதவி உயர்ந்துவிட்டதாக நினைத்தேன். அவருக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுக்க றம் அண்ணை எத்தனை வாசல் ஏறினார் என்பதும், அதற்கு முந்திய மாதங்களில் வலையில் மாமாவின் பாகத்தையும் அவரே சத்தமில்லாமல் இழுத்தார் என்பதும், மாமாவின் இடக்கை விரல்கள் நான் அந்தச் செய்தி வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னரே மரத்துப்போகத் தொடங்கியிருந்தன என்பதும், நான் பல்கலைக்கழகத்துக்கு வெளிக்கிட்ட அன்று பெட்டி கட்டும்போது அம்மா சொல்லித்தான் தெரியும். கையைப் பற்றி வெளியே தெரிந்தால் பங்கு போய்விடும். பங்கு போனால் என் படிப்புப் போய்விடும். அவ்வளவுதான் விசயம். பெரியாசுபத்திரிக்குப் பிந்தித்தான் போனார். மூன்று விரல்கள் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் இன்றைக்கும் வேறு யாருடையவையோபோலத்தான் பக்கத்தில் கிடக்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்னர் நடந்த ஒரு பின்னேரத்தைப் பற்றி. மாமா ஏலம் கூறத் தொடங்கிய சில கிழமைக்குள் அந்தச் செய்தி வந்தது.

நெட்டையர் மேடையேறிவிட்டார்.

வாடியில் போனை ஒரு வெறும் மீன்பெட்டிக்குள் வைத்தோம். அப்படி வைத்தால்தான் அடிச்சத்தம் கொஞ்சமாவது கேட்கும். பெட்டியைச் சுற்றித் தலைகள் குனிந்தன. முதலில் பாட்டு, ஆரவாரம், இரைச்சல். பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டபோது, கீழே, மிகக் கீழே, அது வந்தது. மாமா பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அதைக் கேட்டார்.

“வாசிக்கிறான்ரா,” என்றார். “அதே ஆள். வாசிக்கிறான்.” அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. சந்தோசத்தில் கண் நிறைவது எனக்குத் தெரிந்த விசயம்தான்.

ரசிகர் பக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தது. மொட்டையர்கூட, தான் அழுததாக எழுதியிருந்தார். எஞ்சின் மாமா அதைக் கேட்டுவிட்டு, “பாவம், நல்ல மனுசன், கடல்தான் ஒத்துக்கொள்ளேல்லை,” என்று மன்னித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். “எங்கடை கையாலைதான் உவருக்குச் சுகம் வந்தது. படமெடுத்துப் போடு பிள்ளை. உலகம் அறியட்டும்.”

நான் கூட்டடிக்குப் போய்ப் படமெடுத்தேன். உப்புக்காற்றில் கை கொஞ்சம் கறுத்திருந்தது. ஒரு படத்தில் இரண்டு பக்கத்தையும் காட்ட முடியாது; அதனால் இரண்டு படம். பிழையை மறைப்பது படித்தவர்களுக்கு அழகில்லை என்று நினைத்தேன். நெட்டையரின் வலக்கைக்காக எங்கள் கரை இதைக் கட்டியது, பின்பக்கத்து நகங்கள் பத்தரின் கவனக்குறைவு என்று இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதினேன். மாமாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நல்லாயிருக்கு, அனுப்பு என்றார்.

படங்களுக்குக் கீழே இதயங்கள் வரத் தொடங்கின. எந்தெந்தத் தேசத்திலிருந்தோ, கடலுக்கு மேலால், ஒன்றன்பின் ஒன்றாக. மாமா என் பக்கத்தில் அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தேவையில்லாத செய்தி அது ஒன்றுதான். பொழுது சாய்ந்து, படகுகளும் நிழல்களும் ஒன்றாகிக்கொண்டிருந்தன.

கடைசியாகப் பூனை அக்கா ஒரு கேள்வி போட்டிருந்தார்.

“என்னவாம்?” என்றார் மாமா.

“பின்பக்கம் ஆருடைய கை எண்டு கேக்கிறா.”

மாமா கூட்டுப் பக்கம் திரும்பினார். கை காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

“நீ என்ன போட்டனி?”

“ஒருத்தற்றையும் இல்லையெண்டு போட்டன்,” என்றேன்.

“ம்,” என்றார் மாமா. வலக்கையால் என் தலையைத் தடவினார். “சரிதான்.”